முயலின் சிறுநீரகமும் வயல் எலியின் சிறுநீரகமும்

பக்டீரியா நஞ்சு இரத்தத்தை உறையவைக்கும், உறைந்த இரத்தம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கும், சிறுநீரகம் செத்துப்போகும். கடந்த நூற்றாண்டில் ஆய்வுகூட முயல்கள் கற்றுத்தந்த பாடம் இது. கண்டியைச் சுற்றியுள்ள வயல்களில் பரவும் எலிக்காய்ச்சலோ இந்தப் பாடத்துக்குள் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை.

முயல் கதையைத் தொடங்கியவர் இத்தாலியரான ஜுசெப்பே சனரெல்லி. 1924இல் அவர் கொலராக் கிருமியை, கொல்லாத அளவில், முயலின் நாளத்தில் ஏற்றினார். ஒரு நாள் கழித்து வேறொரு பக்டீரியாவின் வடிநீரைச் சிறிதளவு ஏற்றியதும் முயல் இறந்தது. 1928இல் நியூயோர்க்கில் கிரெகரி ஷ்வார்ட்ஸ்மன் டைபொயிட் கிருமியின் வடிநீரை முதலில் தோலிலும், மறுநாள் நாளத்திலும் செலுத்தினார். முதல் ஊசி போட்ட இடம் இரத்தம் கசிந்து கருகியது. இரண்டு ஊசியையும் நாளத்திலேயே போட்டால் என்ன ஆகும் என்பதை 1952இல் லூயிஸ் தோமஸும் ரொபர்ட் குட்டும் விரிவாக ஆராய்ந்தார்கள். அடி விழுந்தது சிறுநீரகத்தில்தான். வடிகட்டும் முடிச்சுகளின் நுண்குழாய்களில் இரத்த உறைவின் நாரான ஃபைப்ரின் அடைத்துக்கொள்ள, இரு சிறுநீரகங்களின் புறணியும் அழிந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரினைக் கொடுத்தபோது சிறுநீரகம் தப்பியது. வெள்ளையணுக்களை முன்கூட்டியே குறைத்துவிட்டாலும் தப்பியது. சினை முயலுக்கோ முதல் ஊசியே தேவைப்படவில்லை. ஒன்றே போதும் என்று 1935இலேயே ஆபிட்ஸ் என்ற ஆய்வாளர் காட்டியிருந்தார்.

இவ்வளவு தெளிவான பரிசோதனை அமைந்துவிட்டால், எல்லா நோயையும் அதற்குள் திணித்துப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு.

எலிக்காய்ச்சலின் வரலாறு வேறு பாதையில் வந்தது. மஞ்சட்காய்ச்சலில் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் துண்டை 1907இல் அமெரிக்கரான ஆதர் ஸ்டிம்சன் வெள்ளிச் சாயமேற்றிப் பார்த்தார். சிறுநீர் நுண்குழல்களுக்குள் முனை வளைந்த சுருள் கிருமிகள் கூட்டமாக இருந்தன. 1915இல் ஜப்பானில் இனாடாவும் இடோவும் நோயாளரின் இரத்தத்தைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி இந்தக் கிருமியைப் பிடித்தார்கள். 1917இல் இடோவின் குழு எலிகளின் சிறுநீரகத்திலும் அதைக் கண்டது. எலி நோயில்லாமல் ஓடித்திரிகிறது. அதன் சிறுநீரில் கிருமி இறங்கிக்கொண்டே இருக்கிறது.

2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் நோயாளராகப் பதிவானார்கள். கண்டி, மாத்தளைப் பகுதிகளும் அதில் தப்பவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சந்திக கமகே, டோக்கியோவின் நொபுவோ கொய்சுமி முதலியோர் 2009இல் கண்டிக் காய்ச்சல் நோயாளர் பற்றியும், 2011இல் கண்டியின் சிறு பண்ணைக் கறவை மாடுகள், வீடுகளைச் சுற்றித் திரியும் எலிகள் பற்றியும் ஆய்வுகளை வெளியிட்டார்கள். மாட்டிலும் தொற்று, எலியிலும் தொற்று. தொழுவத்துக் கழிவுநீரும் வரப்பு எலியின் சிறுநீரும் ஒரே வயலில் கலக்கும் மலைநாட்டில் இது வியப்பல்ல.

கிருமி செய்யும் வேலைதான் கவனிக்கத்தக்கது. எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவின் சில வகைகள் ஸ்பிங்கோமைலினேஸ் என்ற நொதியைச் சுரக்கின்றன. மாட்டின் செவ்வணுச் சவ்வில் ஸ்பிங்கோமைலின் மிகுதி; அதனால் கன்றுகளில் செவ்வணுக்கள் உடைந்து சிறுநீர் சிவந்து வரும். சிதறிய ஹீமோகுளோபினே சிறுநீரகத்துக்குச் சுமை. கிருமியின் கிளைக்கோலிப்போபுரதம் உயிரணுச் சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியப் பம்பை முடக்குவதாக 1995இல் ஆய்வாளர்கள் காட்டினர். அதாவது, நஞ்சு உறைகட்டியின் தயவில்லாமலே நுண்குழல் உயிரணுவைத் தாக்குகிறது. மனிதரில் குருதிச் சிறுதட்டுகள் குறைகின்றன, இரத்தம் கசிகிறது. ஆனால் முயலில் கண்ட ஃபைப்ரின் அடைப்பு இங்கே முதன்மைப் படமல்ல. இக்கிருமியின் உள்நஞ்சை எலியினத்தின் தற்காப்பு ஏற்பி அடையாளம் காண்கிறது, மனிதரின் அதே ஏற்பி காண்பதில்லை என்று 2005இல் சுண்டெலி, மனித உயிரணுக்களை வைத்துக் காட்டப்பட்டது. எலி தாங்குவதையும் மனிதன் வீழ்வதையும் விளக்க இது ஓரளவு உதவும்.

முயலின் பாடம் இலங்கையில் பொய்த்துவிடவுமில்லை. ஹிப்னேல் எனும் சிறு குழிவிரியன் கடித்தவர்களில் சிலருக்குச் சிறுநீரகப் புறணி அழிவதை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே நஞ்சு பாம்புடையது. படம் தோமஸும் குட்டும் கண்டதுதான்.

உறைகட்டியால் வரும் அழிவுக்கும் பம்ப் முடங்குவதற்கும் உள்ள இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதல்ல. பம்ப் முடங்கும் எலிக்காய்ச்சலில், சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கும்போதே சிறுநீர் வழக்கம்போல் போகலாம், இரத்தத்தில் பொட்டாசியமும் குறையலாம். ஆகவே "சிறுநீர் போகிறதே" என்று ஆறுதல் கொள்ள முடியாது. வயல் வேலைக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தரும் வாராந்த டொக்சிசைக்கிளினை விவசாயிகள் தவறாமல் எடுக்க வேண்டும்; காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போகிறவர் தான் சேற்றில் இறங்கியதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.