பாண்டியன் குதிரையும் வீங்கின காலும்

போன ஞாயிறு இங்கே புனேயில் மகளுக்குக் குதிரையேற்றப் போட்டி. காலையில் போய்ப் பார்த்தால், குதிரையின் பின்னங்கால் கணுவுக்கு மேல் கோலிக்குண்டு மாதிரி வீக்கம்! 'விண்ட்கால்' என்கிறார்கள். (நம்ம கால் இல்லை.) உள்ளே காற்றும் இல்லை, மூட்டுநீர்தான். சூடு, வலி, நொண்டல் இல்லையென்றால் பெரும்பாலும் பயமில்லை. குளிர்ந்த தண்ணீர், கட்டு, மெல்ல நடை போதும். ஆனால் குதிரைக்கார காகா புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடா இருக்கு சாஹேப், இன்னைக்கு வேண்டாம். டாக்டரைக் கூப்பிடுங்க" என்றார். மகள் அழுதாள். எனக்குக் கட்டின பணம் உறுத்தியது.

அப்போது மார்க்கோ போலோ ஞாபகம் வந்தார். 1290களில் பாண்டிய நாட்டைப் பார்த்தவர். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் ராஜா பொன் கொடுத்து வாங்குவாராம். வருஷக் கடைசியில் 100 கூடத் தேறாதாம். காரணம்? குதிரை வைத்தியம் தெரிந்த ஆளே இல்லை. வியாபாரிகளும் அப்படிப்பட்டவர்களை வரவிடவில்லையாம். செத்தால்தானே மறுபடி விற்கலாம்! இங்கே பிறக்கும் குட்டிகளுக்குக் கால் கோணல் என்றும் எழுதியிருக்கிறார். கொஞ்சம் மிகை இருக்கலாம், வெயிலுக்கும் தீனிக்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இத்தனைக்கும் சாலிஹோத்திரர் பெயரில் வடமொழியில் குதிரை வைத்திய நூலே உண்டு. குதிரை வைத்தியரை இந்தியில் 'சலோத்ரி' என்பது அவர் பெயரை வைத்துத்தான். நூல் இருந்து என்ன, காலைத் தொட்டுப் பார்த்துச் சொல்லக் கை வேண்டாமா? பொன் கொடுத்துக் குதிரையை வாங்கிவிடலாம். அந்தக் கையை?

போட்டியிலிருந்து விலகிவிட்டோம். மகள் இன்னும் என்னோடு பேசவில்லை. காகாவோடு பேசுகிறாள்.