தாது வருஷத்துப் பிள்ளைகளும் திருச்சபைப் பதிவேடுகளும்

சேலம், நாமக்கல் சமவெளிச் சபைகளில் ஒரு குடும்பத்தின் பூர்வீகத்தை விசாரிக்கப் புகுவோர், நான்கைந்து தலைமுறைகளைக் கடந்தவுடன் பெரும்பாலும் ஒரு சொற்றொடரில் வந்து நிற்பர்: ‘தாது வருஷத்தில் சேர்ந்தவர்கள்.’ அதற்கு மேல் பெயரில்லை, ஊரில்லை. சிலர் அதைத் தாழ்ந்த குரலிலேயே சொல்லுவர். கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்னும் பழிச்சொல் இன்னும் முற்றும் மறக்கப்படாமையே அதற்குக் காரணம்.

1876இல் இரு பருவமழையும் பொய்த்தன. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாட்டைக் குடிமதிப்புக் கணக்கே காட்டும். 1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாயிருந்த மக்கள்தொகை 1881இல் 16 லட்சமாகக் குறைந்தது. பத்தாண்டில் இயல்பாகக் கூடியிருக்க வேண்டிய தொகையையும் எண்ணிப் பார்ப்போமாயின் இழப்பு இன்னும் பெரிது. உடல் வலிமை எஞ்சியிருந்தோர் சாலை, ஏரி வேலைகளுக்கு அனுப்பப்பட்டனர். 1877இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் அவர்களுக்கு வகுத்த கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமே. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதனை வன்மையாக எதிர்த்தார். அவ்வாண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது. வேலை செய்ய இயலாதோருக்குக் கஞ்சித்தொட்டிகளும் அடைப்பு முகாம்களும் இருந்தன. முகாமுக்குள் புகுந்தவர் அங்கேயே தங்கி உண்ண வேண்டும். மக்கள் அவற்றுக்கு அஞ்சினர். அச்சம் வீணானதன்று, உள்ளே மாண்டோர் மிகப் பலர்.

இம்முறையின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. அங்கு 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், உதவி வேண்டுவோர் ஏழையர் இல்லத்திற்குள் வந்தே அதனைப் பெறுதல் வேண்டும் என்றும், உள்ளிருக்கும் நிலை வெளியிலுள்ள கூலியாளின் நிலையைவிடத் தாழ்ந்திருத்தல் வேண்டும் என்றும் கருதிற்று. அவ்வில்லங்களில் வாழ்ந்தோரின் சந்ததியார் இன்று தங்கள் முன்னோரைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் திருச்சபைப் பதிவேடுகளால்தான். 1813 முதல் அந்நாட்டு ஞானஸ்நான ஏடுகள் அச்சிட்ட படிவங்களாயின. பெற்றோர் பெயர், வாழிடம், தொழில் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. வாழிடக் கட்டத்தில் ஏழையர் இல்லம் என்று எழுதப்பட்ட ஒரு சொல்லே தேடுவோர்க்கு வழிகாட்டுகிறது. அரசாங்கப் பிறப்புப் பதிவிலோ, 1904 முதல் இல்லத்தின் பெயரை மறைத்துத் தெருப்பெயரும் எண்ணும் எழுதும் வழக்கம் வந்தது. இரக்கத்தால் செய்யப்பட்டதே, எனினும் தேடுகிறவனை அது ஏமாற்றும்.

நம் பழைய ஏடுகளும் பெரும்பாலும் அக்கட்டங்களை ஒட்டியவையே. சேலத்தில் 1827இல் ஹென்றி கிறிஸ்ப் ஐயர் தொடங்கிய லண்டன் மிஷனெரி சங்கப் பணி, லெக்ளர் ஐயர் காலத்தில் தொழிற்பள்ளியும் விடுதியுமாக விரிந்தது. பஞ்ச காலத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் தென்னிந்தியாவெங்கும் இத்தகைய விடுதிகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய பதிவுகளை வாசிக்கும் முறை வேறு. பெற்றோர் பெயர்க் கட்டம் வெறுமையாயிருப்பின் அதை எழுதியவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடலாகாது. தகப்பன் பெயரைச் சொல்லும் வயதுகூட இல்லாத குழந்தை அது என்பதற்கு அவ்வெறுமையே சான்றாகலாம். வயது பார்வைக்கு மதித்து எழுதப்பட்டது. இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பின்னாகக் கொள்ளுதல் நலம். பஞ்சத்தில் மெலிந்த பிள்ளை வயதுக்குச் சிறியதாகவே தோன்றியிருக்கும்.

பெயரைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. ஒரு பிள்ளையின் பராமரிப்புச் செலவை ஏற்ற மேலைநாட்டு நன்கொடையாளர் தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடச் செய்வது பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன்களில் பரவலான வழக்கம். ஆகவே குடும்பத்தில் வழங்கும் ஆங்கிலப் பெயரைக் கொண்டு வெள்ளைக்கார வம்சம் என்று பெருமை பாராட்டுவோரிடம், அது முன்னோரின் பெயரன்று, கடல் கடந்து பணம் அனுப்பிய யாரோ ஒருவரின் பெயராயிருக்கலாம் என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். அவர்கள் அதை விரும்பிக் கேட்பதில்லை.

ஞானஸ்நான ஏட்டில் விட்டுப்போனது விவாக ஏட்டில் அகப்படுவதும் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டத்திற்குப் பின் திருமணப் பதிவுகள் ஒழுங்குபெற்றன. பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து மணமேடைக்கு வந்தவர், இடையில் உறவினர் எவரையாவது கண்டுபிடித்திருப்பின் தகப்பன் பெயர் அங்கே வந்து நிற்கும். சங்கத்தின் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் காக்கப்படுகின்றன. பஞ்ச காலத்தில் ரோமாபுரிச் சபையாரிடம் ஞானஸ்நானம் பெற்றோரும் பலராதலால் அவர்களுடைய ஏடுகளையும் பணிவுடன் கேட்டுப் பார்த்தல் தகும். நாமக்கல் வட்டம் 1910இல் திருச்சிராப்பள்ளி ஜில்லாவுடன் சேர்க்கப்பட்டுப் பின்னர் சேலத்துக்குத் திரும்பியது. 1997இல் தனி மாவட்டத்தின் தலைநகரானது. ஜில்லாவின் பெயரை மட்டும் நம்புகிறவர் தவறான ஆவணக் கட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

வியப்புக்குரியது ஒன்றுண்டு. நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலியாளின் பதிவில் தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலிலுள்ள மச்சம் வரை எழுதப்பட்டுள்ளன. ஆகவே தென்னாப்பிரிக்காவிலுள்ள தமிழர் தம் பாட்டனின் கிராமத்தை அறிய முடிகிறது. இங்கே கஞ்சித்தொட்டியருகே தங்கிப்போனவனின் பேரர் அதை அறியாதிருக்கின்றனர். வேலை வாங்க நினைத்தவன் எழுதிவைத்த அளவுக்கு, கஞ்சி ஊற்றியவன் எழுதவில்லை.

எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில், தங்கள் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாத ஆசாரியப் புத்திரர் ஊழியத்தினின்று விலக்கப்பட்டனர். நம்மிடம் வருபவர் ஊழிய உரிமை கேட்டு வருவதில்லை, ஒரு பெயரைக் கேட்டு வருகின்றனர். சில வேளைகளில் சாதிச் சான்றுக்காகவும் வருகின்றனர். அப்போது ஏட்டின் சாதிக் கட்டத்தை யாருக்குக் காட்டுவது என்ற வினா எழுகிறது. அவரவர் வரிக்குரிய படியை அவரவருக்குத் தருதலே முறை. பக்கம் முழுவதையும் படமெடுத்துப் பிறர் குடும்பத்தையும் அம்பலமாக்க இடங்கொடுக்கலாகாது.

ஆயினும் படமெடுத்து வைக்கும் வேலையைச் சபையே செய்தாக வேண்டும். பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் 1877, 1878ஆம் ஆண்டுகளின் தாள்கள் கரையானுக்கும், புரட்டும் விரலுக்கும் ஒருங்கே உதிர்ந்துகொண்டிருக்கின்றன. பொறுப்பேற்கும் ஒவ்வொரு போதகரும் முதல் மாதத்திலேயே பழைய ஏடுகளை எண்ணி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை உள்ளன என்று ஒரு தாளில் எழுதி, பேராய அலுவலகத்துக்கு ஒரு படி அனுப்பி வைப்பாராக.