பழைய படத்துக்கு எச்டி எங்கிருந்து வருகிறது?

1/ "1955-ல எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதைப் போய் ப்ளூ-ரேல பார்க்கணுமா?" என்று கேட்பவரா நீங்கள்? இந்த த்ரெட் உங்களுக்குத்தான்.

சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி', ப்ளூ-ரேயில் 2002-ல் வந்த '28 டேஸ் லேட்டர்' படத்தைவிடத் தெளிவாக இருக்கும். 47 வருஷம் மூத்த படம் எப்படி ஜெயிக்குது?

2/ ஃபிலிமில் பிக்சல் கிடையாது. வெள்ளி உப்புத் துகள்கள்தான் ஒளியைப் பதிவு செய்கின்றன. பழைய எக்ஸ்ரே ஃபிலிமும் இதே வேதியியல்தான். நல்ல 35 எம்எம் நெகட்டிவில் இருக்கும் விவரம், ப்ளூ-ரேயின் 1920 × 1080 புள்ளிகளுக்குள் அடங்காது.

'28 டேஸ் லேட்டர்' பெரும்பகுதி எடுக்கப்பட்டது கேனன் எக்ஸ்எல்1 என்ற சின்ன டிஜிட்டல் வீடியோ கேமராவில். அதில் பதிவானதே டிவிடி அளவு விவரம்தான். பதிவாகாததை எந்த டிஸ்க்கும் காட்டாது.

3/ அப்போ சின்ன வயசுல டிவியில பார்த்த பழைய படமெல்லாம் ஏன் மங்கலா இருந்தது?

கேமராவில் ஓடிய அசல் நெகட்டிவிலிருந்து ஒரு பாசிட்டிவ், அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டர் பிரிண்ட். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த மாதிரி ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் போகும். ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரிண்ட்தான் பல நேரம் நம்ம டிவிக்கு வந்தது.

4/ நல்ல பிரதி கிடைத்தாலும் கெடுக்கலாம். திரையில் பொடிப்பொடியாக அசையுதே, அந்த கிரெய்ன் அழுக்கு இல்லைங்க. படமே அந்தத் துகள்களால் ஆனதுதான்.

'பேட்டன்' (1970) படத்தின் 2008 ப்ளூ-ரேயில் கிரெய்னைக் கம்ப்யூட்டரில் துடைத்தார்கள். முகங்கள் மெழுகு பொம்மை ஆயின. ரசிகர்கள் சத்தம் போட்டார்கள். 2012-ல் சரிசெய்த டிஸ்க் வந்தது. சிடி ஸ்கேனிலும் அப்படித்தான். இரைச்சலை ரொம்ப மழுப்பினால் படம் அழகாகும், சின்னக் கட்டி காணாமல் போகும்.

5/ இப்போ முக்கியமான கதை. 1992-ல் ரேவுக்கு கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. சில வாரங்களில் அவர் மறைந்தார். அவர் படங்களைச் சீரமைக்க நெகட்டிவ்கள் லண்டன் ஹெண்டர்சன் லேபுக்குப் போயின. 1993-ல் அங்கே தீ விபத்து. அபு படங்கள் மூன்றின் அசல் நெகட்டிவும் கருகின.

அன்றைக்கு இருந்த எந்தத் தொழில்நுட்பத்தாலும் அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் குப்பையில் போடவில்லை. ஆஸ்கர் அகாதமியின் காப்பகம் கருகிய சுருள்களை அப்படியே எடுத்து வைத்தது.

6/ சுமார் 20 வருஷம் கழித்து கிரைடீரியன் நிறுவனம் அவற்றை இத்தாலியின் பொலோன்யா நகர லேபுக்கு அனுப்பியது. காய்ந்து சுருங்கிய ஃபிலிமை ரசாயனக் கரைசலில் ஊறவைத்து நெகிழ வைத்தார்கள். உருகிய டேப்பைக் கையால் எடுத்தார்கள். ஓரத் துளைகளைத் திரும்பக் கட்டினார்கள். கைவேலை மட்டும் கிட்டத்தட்ட 1000 மணி நேரம்.

'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 சதவீதம், 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேல் அசல் நெகட்டிவ் மீண்டது. 'அபுர் சன்சார்' நெகட்டிவ் தேறவில்லை. விட்டுப்போன எல்லாம் வேறு காப்பகங்களில் இருந்த பிரதிகளிலிருந்து வந்தது. 2015-ல் ப்ளூ-ரே வெளியானது.

7/ நம்ம ஊருக்கு வருவோம். முதல் தமிழ் பேசும்படம் 'காளிதாஸ்' (1931). இன்று ஒரு பிரதிகூட இல்லை. எத்தனை லட்சத்துக்கு டிவி வாங்கினாலும் அதைப் பார்க்க முடியாது.

பிறகு வந்த அசிடேட் ஃபிலிமுக்கும் ஒரு வியாதி உண்டு: வினிகர் சிண்ட்ரோம். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஃபிலிம் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளிவரும். அந்த அமிலமே சிதைவை வேகப்படுத்தும். நம்ம கடற்கரை ஊர் குடோன்களில் இதற்கு எல்லா வசதியும் இருக்கு.

8/ ஆக, எச்டி என்பது படத்துக்குப் போடும் மேக்கப் இல்லை. எது பிழைத்திருக்கிறதோ அதைக் காட்டும் கண்ணாடி, அவ்வளவுதான்.

உங்கள் குடும்பத்தில் யாராவது தியேட்டர், விநியோகம் செய்தவர்களா? பரணில் ஃபிலிம் டப்பா இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீங்க. வினிகர் வாடை அடித்தால் அதைத் தனியாகப் பிரித்து, குளிர்ச்சியான ஈரமில்லாத இடத்தில் வையுங்க. புனேவில் தேசிய திரைப்படக் காப்பகம் இருக்கு, தகவல் கொடுங்க. கெட்டுப்போனது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். கருகின ஃபிலிமே பிழைத்திருக்கு.