வானில் ஒரு வரிசை

விமானங்கள் தாமதமானால் புதிய ஓடுபாதை போட்டுவிடலாமா? அட்டவணை இருந்தும் விமானங்களின் வருகை தற்செயலாகவே அமைகிறது என்று ஆஸ்திரேலியாவில் போவன், பியர்சி இருவரும் 1948-ல் எழுதினர்.

ஒரு விமானம் இறங்க 2 நிமிடம் எனக் கொள்வோம். ஓடுபாதை 80 விழுக்காடு நேரம் பயன்பட்டால் சராசரிக் காத்திருப்பு 4 நிமிடம்; 95 விழுக்காடானால் 19 நிமிடம்! கோபுரத்தில் இருப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

காலை நெரிசல், மழை, பெரிய விமானத்தின் பின்னே சுழலும் காற்று ஆகியவற்றுக்குச் சூத்திரம் போதாது. (பியர்சியே வடிவமைத்த கணிப்பொறி 1949-ல் இயங்கியது!) 1980-களில் அமெரிக்காவில் உருவான 'சிம்மாட்' நிரல், தற்செயல் எண்களைக் கொண்டு ஒரே நாளைப் பலமுறை நடத்திக் காட்டியது. இரண்டாம் ஓடுபாதையா, விரைவாக வெளியேற ஒரு கிளைப்பாதையா? பணத்தைக் கொட்டுமுன் இரண்டையும் கணிப்பொறியிலேயே கட்டிப் பார்க்க முடிந்தது.