கடல் கடந்த இல்லறம்

கடல்வழிப் பிரிவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பியம் உரைக்கும் மரபு. தலைவன் கலம் ஏறுவான். தலைவி கரையில் ஆற்றியிருப்பாள். பாரதத்தின் பிற பகுதிகளிலும் உயர்குடி மகளிர் நிலை நெடுங்காலம் இதுவாகவே இருந்தது. அதனாலேயே, 1877ஆம் ஆண்டில் வங்கத்துக் குலமகள் ஒருவர், கணவர் உடன் வராத நிலையில், மூன்று குழந்தைகளுடனும் வயிற்றில் ஒரு கருவுடனும் இங்கிலாந்துக்குப் பயணமான செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. அவர் ஞானதானந்தினி தேவி. மகாகவி இரவீந்திரநாத தாகூரின் இரண்டாம் அண்ணியார்.

1850இல் பிறந்த அவர் ஏழெட்டு வயதிலேயே தாகூர் இல்லத்துக்கு மருமகளாக வந்தவர். கணவர் சத்தியேந்திரநாதர், ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்த முதல் இந்தியர். அத்தேர்வுக்காக இங்கிலாந்தில் பயின்ற நாளிலேயே தம் இளம் மனைவியை அங்கு அழைத்துக்கொள்ள அவர் விரும்பினார். தந்தை தேவேந்திரநாதர் இசையவில்லை. 1864இல் பம்பாய் மாகாணத்தில் பணியேற்கச் சென்றபோது மனைவியை உடன் அழைத்துச் செல்ல இசைவு கிடைத்தது. ஆயினும், அந்தப்புரத்துப் பெண் பலர் காண வீட்டு வாயிலைக் கடந்து வண்டியேறுவது தகாது என்று கருதி, மூடுபல்லக்கில் வைத்தே அவரைக் கப்பலுக்கு அனுப்பினர். அப்படிச் சென்றவர்தாம் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் தாமே குடும்பத்தை நடத்திக்கொண்டு பெருங்கடலைக் கடந்தார். இடைப்பட்ட காலத்தில் பார்சி மகளிரைப் பார்த்துப் புடைவை உடுத்தும் புதுமுறையொன்றை வகுத்து, வங்க மகளிர் வெளியுலகில் நடமாடுவதற்கேற்ற உடையைத் தந்தவரும் அவரே.

இலண்டனில் உறவினர் ஞானேந்திரமோகன் தாகூரின் இல்லத்தில் சில நாள் தங்கியபின், பிரைட்டன் கடற்கரையை அடுத்த மெதினா வில்லாஸ் என்னும் தெருவில் அவர் குடியேறினார். சத்தியேந்திரநாதர் நீண்ட விடுப்புப் பெற்று, பதினேழு வயதுத் தம்பியாகிய இரவீந்திரரை அழைத்துக்கொண்டு 1878 அக்டோபரில் அங்கு வந்து சேர்ந்தார். அப்போது மூத்த மகன் சுரேந்திரநாதனுக்கு ஆறு வயது. மகள் இந்திராவுக்கு ஐந்து வயது நிறையவில்லை.

இங்கிலாந்து என்பது சிறு தீவு. ஆகவே கிளாட்ஸ்டனின் சொற்பொழிவும் மாக்ஸ் முல்லரின் வேத விளக்கமும் டிண்டலின் அறிவியலும் அதன் ஒரு முனை முதல் மறுமுனை வரை ஒலித்துக்கொண்டிருக்கும் என்று இளைஞர் இரவீந்திரர் எண்ணிச் சென்றார். அங்கு வந்தபின் கண்டதோ கடையும் உடையும் விருந்தும் பற்றிய பேச்சு. இவ்வேமாற்றத்தை அவரே தம் கடிதங்களில் நகைச்சுவையுடன் எழுதியுள்ளார். அயல்நாட்டில் அவருக்கு ஆறுதலாக அமைந்தது அண்ணியாரின் இல்லம். குளிர்காலத்தில் ஒருநாள் கணப்படுப்பைச் சூழ்ந்து அமர்ந்திருந்தபோது, பனி பெய்கிறதென்று குழந்தைகள் கூவிக்கொண்டு ஓடிவந்ததையும், வெளியே சென்று வெண்ணிலவில் வெண்பனி போர்த்த நிலத்தைக் கண்டதையும் முதுமையை நெருங்கும் நாளில் எழுதிய தம் நினைவுநூலில் அவர் மறவாது குறிக்கிறார்.

அவருடைய ஆங்கில ஒலிப்பைக் கேட்டு அக்குழந்தைகள் சிரிப்பார்களாம். எழுதுவது ஒன்றாகவும் ஒலிப்பது வேறாகவும் உள்ள அம்மொழியின் முறைகேட்டுக்குத் தாம் பொறுப்பல்லர் என்பதை அவர்களுக்கு எங்ஙனம் விளக்குவது என்று அவர் திகைக்கிறார். பெரியவர் நூலில் கற்பதைச் சிறுவர் தெருவில் கற்றுவிடுகின்றனர். பிறமொழி வழங்கும் ஊர்களில் பிள்ளைகளை வளர்க்கும் நம்மில் பலர் நாள்தோறும் காணும் காட்சியே இது.

ஆயினும் அந்த இல்லத்தில் சிரிப்பொலி மட்டுமே நிறைந்திருக்கவில்லை. அந்நாட்டில் பிறந்த குழந்தை நிலைக்கவில்லை. உடன் சென்ற மூவரில் இளையவனாகிய கவீந்திரநாதனும் அங்கேயே மறைந்தான். பின்னர் டெவன்ஷயரில் உள்ள டார்க்கி என்னும் கடற்கரை ஊரில் அண்ணியாருடன் கழித்த இன்பநாட்களை நினைவுகூரும் இரவீந்திரர், மலையையும் கடலையும் பூத்த புல்வெளியையும் சொல்லி, ஓயாது விளையாடிய இரு சிறு தோழர்களையும் சொல்கிறார். மூவர் புறப்பட்டனர், அவர் நூலில் இருவர் வருகின்றனர். தாய்வீடும் மாமியார் வீடும் ஆயிரக்கணக்கான கல் தொலைவில் இருக்க, அத்துயரைத் தாங்கிய தாய் எஞ்சிய குழந்தைகளுக்காக அந்த இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினார். அன்னை செலுத்திய இவ்விலையை எண்ணாமல் அவ்வாழ்வின் வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறே ஆகும்.

1880ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குடும்பம் தாயகம் திரும்பியது. சட்டம் பயிலச் சென்ற இரவீந்திரர் பட்டம் எதுவும் பெறாமலே திரும்பினார். எனவே அப்பயணத்தால் பயன் என்ன என்று கேட்போர் உண்டு. அதற்கு விடை பல்கலைக்கழக ஏட்டில் இல்லை, இல்லத்தில் இருக்கிறது. ஞானதானந்தினி கல்கத்தாவில் கூட்டுக் குடும்பத்தினின்றும் பிரிந்து தனிமனை நடத்தினார். குழந்தைகளின் பிறந்தநாளைக் கொண்டாடும் வழக்கத்தை அக்குடும்பத்தில் தொடங்கி வைத்தார். குழந்தைகளை இழந்த தாய் அவ்வழக்கத்தைப் போற்றியதன் பொருளை நாம் உணரலாம். 1885இல் சிறுவர்க்கென ‘பாலக்’ என்னும் வங்க இதழைத் தொடங்கி, அதன் ஆசிரியராகவும் விளங்கினார். இரவீந்திரரின் ‘இராஜரிஷி’ புதினம் அவ்விதழில்தான் தொடராக வெளிவந்தது. அயல்மொழிச் சூழலில் சில ஆண்டுகள் வாழ்ந்த தாய், திரும்பி வந்து தம் தாய்மொழியில் குழந்தைகளுக்கு இதழ் நடத்தினார் என்பது நாம் போற்றத்தக்க செய்தியாகும்.

அம்மக்களும் தாழவில்லை. இந்திரா கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, இசையிலும் பிரெஞ்சு மொழியிலும் புலமை எய்தினார். 1956இல் விசுவபாரதியின் தற்காலிகத் துணைவேந்தராகவும் பணியாற்றினார். இரவீந்திரர் அவருக்கு எழுதிய கடிதங்களே ‘சின்னபத்திரம்’ என்னும் நூலின் பெரும்பகுதியாக அமைந்தன. சுரேந்திரநாதனோ தம் சிற்றப்பாவின் நினைவுநூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 1917இல் வெளிவந்தது. பிரைட்டன் இல்லத்துப் பனியிரவும், சிற்றப்பாவின் ஒலிப்பைக் கேட்டுக் குழந்தைகள் சிரித்த நிகழ்ச்சியும் அந்நூலில்தான் உள்ளன. அன்று சிரித்த சிறுவனே, வளர்ந்தபின் அச்சிரிப்பை ஆங்கிலத்தில் எழுதி உலகுக்கு வழங்கினார்.

இளங்கவிஞர் மேலைநாடு சென்ற கதையாகவே இவ்வாண்டுகளை நூல்கள் பேசுகின்றன. அக்கவிஞருக்கு அயல்மண்ணில் ஓர் இல்லம் முன்னரே அமைந்திருந்தது என்பதையும், அதனை அமைத்தவர் மூடுபல்லக்கிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நிறைவான வரலாறாகும்.