புரையோடிய புண்: ஒரு சொல்லின் வரலாறு

உடலில் புதிதாய்ப் பட்டது காயம். ஆறாது நிற்பது புண். ஆறியபின் எஞ்சுவது வடு. புண்ணில் சீழ் பிடித்து, அச்சீழ் மேற்பரப்பில் நில்லாது தசைக்குள் வழிசெய்துகொண்டு செல்லுமாயின், அதனைப் 'புரையோடிய புண்' என்றனர் நம் முன்னோர். அச்சொல்லின் வரலாற்றை இங்கு ஆராய்வோம்.

'புரை' என்னும் வடிவம் மிகப் பழையது. தொல்காப்பிய உரியியல் அதற்கு உயர்வு என்று பொருள் கூறுகிறது. உவமவியலில் 'புரைய' என்பது உவம உருபுகளுள் ஒன்று. திருக்குறளின் 292ஆம் பாடலிலோ அது குற்றத்தைக் குறிக்கிறது. உயர்வும் ஒப்பும் ஒருபுறம் நிற்க, குற்றத்தையும் புண்ணையும் இணைப்பது 'உட்டுளை' என்னும் பொருளே எனக் கொள்ளலாம். வெளியே முழுமையாய்த் தோன்றி உள்ளே துளைபட்டிருக்கும் மரம் குறையுடையது. அத்தகைய புண்ணும் அவ்வாறே. உண்ணும்போது உணவு மூச்சுக்குழலில் புகுவதைப் 'புரையேறுதல்' என்கிறோம். அங்கும் துளையே அடிப்படை.

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றியபோது மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவற்றுள் அறுவை மருத்துவம் பற்றியது 'இரண வைத்தியம்'. அது வெளிவந்தது 1867இல். 'விரணம்' என்னும் வடசொல்லின் வழிவந்த 'இரணம்' அந்நூலின் பெயராயிற்று. அதே 1867இல்தான் சோசப்பு இலிசுட்டர், புண் அழுகுதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்னும் கருத்தின் அடிப்படையில் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். அதன்பின் மருத்துவச் சொற்கள் புண்ணின் தோற்றத்தை விட்டுக் காரணத்தைச் சுட்டலாயின. இன்று நாம் எழுதும் 'நோய்த்தொற்று' அவ்வழி வந்தது. பேச்சில் வழங்கும் 'செப்டிக்' என்பதோ, அழுகலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

'புரையோடிய' என்பது மறைந்துவிடவில்லை, இடம் பெயர்ந்துவிட்டது. 'புரையோடிய ஊழல்' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ஆங்கும் பலர் அதனைப் 'பரவிய' என்னும் பொருளிலேயே ஆள்கின்றனர். பரவுதல் கண்ணுக்குத் தெரிவது, புரையோடுதல் தெரியாதது. இவ்வேறுபாடு மங்கினால் உருவகமும் பொருளிழக்கும்.

இழப்பு மொழிக்கு மட்டுமன்று. நீரிழிவு உடையோர்க்குக் காலில் உணர்ச்சி குன்றும், வலி தெரியாது. மேற்றோல் மூடியிருக்கும்; உள்ளே சீழ் எலும்பை நோக்கிச் செல்லும். அத்தகையோரிடம் 'தொற்று ஏற்பட்டுள்ளது' என்றால், மருந்து பூசினால் போதும் என்று அவர் எண்ணக்கூடும். 'புண் உள்ளே புரையோடியிருக்கிறது' என்றால், மேலே ஆறியதை நம்பலாகாது என்பது அச்சொல்லிலேயே விளங்கும்.

'தொற்று' காரணத்தைக் கூறுகிறது. 'புரை' நிலையைக் கூறுகிறது. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. ஆகவே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழில் நலவாழ்வுக் கையேடுகள் எழுதுவோர் இரண்டையும் ஆளுதல் வேண்டும் என்பது நம் வேண்டுகோள். புதிய கலைச்சொல்லை ஏற்பதற்காகப் பழஞ்சொல்லின் எச்சரிக்கையைக் கைவிட வேண்டியதில்லை.