பெரிய தாத்தாவையும் சின்ன தாத்தாவையும் தேடுவோம்

தாத்தாவின் அப்பா பெயர் என்ன? இந்தக் கேள்வியோடு நம்மில் பலருக்குக் குடும்ப வரலாறு நின்றுவிடுகிறது. இது மறதியால் வந்ததல்ல. பட்டாவும் பத்திரமும் நிலம் வைத்திருந்தவர்களின் பெயரைத்தான் காப்பாற்றின. பண்ணையாளாக உழைத்து மறைந்தவரின் பெயர் பெரும்பாலும் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

ஆனால் அவர்கூடப் பிறந்தவர்கள்?

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பகுதியினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். அவர்களில் நம் மக்களும் உண்டு. அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் எழுதப்பட்டன. கூலியாட்களைக் கணக்கு வைக்க எழுதிய தாள்தான் அது. ஆனால் கப்பலேறிய தம்பியின் தகப்பன், ஊரிலேயே இருந்துவிட்ட அண்ணனுக்கும் தகப்பன்தானே! எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் பெயரை மட்டும் நம்பக் கூடாது. தந்தை பெயர், ஊர், தாலுகா மூன்றையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

பஞ்சமி நில மீட்பிலும் இதே பாடம்தான். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பழைய பதிவேட்டில் நிலம் பெரிய தாத்தாவின் பெயரில் இருக்கலாம். அவரை நமக்குத் தெரியாவிட்டால், யாரோ என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவோம். ஆதாரம் கையிலிருந்தும் நழுவிவிடும்.

பெண்களை விட்டுவிடக் கூடாது. அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் நம் வரலாற்றின் இரு பெரும் ஆளுமைகள். சீனிவாசனின் தங்கை தனலட்சுமியே அயோத்திதாசரின் துணைவியார். இருவரையும் உறவாக இணைத்த அந்தப் பெண்ணைப் பற்றி நாம் எவ்வளவு குறைவாகப் பேசுகிறோம்!

தோழர்களே, அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லோரும் பங்காளிகள் என்பது நம் வழக்கம். அந்த உறவு முறையையே ஆய்வு முறையாக்குவோம். வீட்டுப் பெரியவர்களிடம், முதலில் பாட்டிகளிடம், நான்கு கேள்விகள் கேட்போம்: தாத்தாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்? யார் வெளியூர், வெளிநாடு போனார்கள்? அத்தைகள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார்கள்? பிள்ளையில்லாமல் இறந்தவர் யார்?

சொல்லும் பெயர்களை அன்றே எழுதி வைப்போம்.